ஜனாதிபதியின் சட்ட ஆலோசகர் யாருக்குக் கடமைப்பட்டவர்?

(கமக்காரரும் ஆசிரியரும் அரசாங்க உத்தியோகத்தரும் கூடியிருந்த வாசிகசாலைக் கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் நிகழ்த்திய உரை.)



இன்று பேச எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டதும், முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கமக்காரப் பெருமக்கள், "சட்டமா அதிபர் கொழும்பில் இருப்பவர், அவருக்கும் எங்கள் வெங்காயப் பாத்திக்கும் என்ன தொடர்பு?" என்று தமக்குள் எண்ணக்கூடும். தொடர்பு உண்டு. அதனை விளக்கவே வந்துள்ளேன்.

உங்களுள் ஒருவருக்குப் பக்கத்துக் காணிக்காரரோடு எல்லைத் தகராறு ஏற்படுகிறது என வைத்துக்கொள்வோம். அவர் உறுதியை எடுத்துக்கொண்டு என்னிடம் வருகிறார். படித்துப் பார்க்கிறேன். அவர் உரிமை கோரும் இரண்டு பரப்பும் அவருடையவை அல்ல என்பது எனக்குத் தெளிவாகிறது. அப்பொழுது நான் செய்ய வேண்டியது யாது? "ஐயா, உமது உறுதியில் இந்தத் துண்டு இல்லை. வழக்குப் பேசினால் தோற்பீர், வேலியைப் பழைய இடத்திலேயே போடும்" என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்டு அவர் முகம் சுளிக்கலாம். வேறொரு சட்டத்தரணியைத் தேடிப் போகவும் கூடும். ஆயினும் அதுவே என் கடமை. அவர் மனங்குளிரப் பேசிக் கூலியை வாங்கிக்கொண்டு, பத்தாண்டு வழக்காடித் தோற்கவைப்பவன் சட்டத்தரணி அல்லன்.

இந்த வழக்கில் நான் பொய்யுரைத்தால் நட்டம் ஒரு குடும்பத்தோடு நின்றுவிடும். ஆனால், ஆலோசனை கேட்டு வருபவர் நாட்டின் ஜனாதிபதியாக இருந்து, ஆலோசகர் அவர் மனம் நோகக்கூடாது என்று பேசினால் நட்டம் யார் தலையில் விழும்? நாட்டு மக்கள் எல்லோர் தலையிலும் விழும். அவர்களுள்ளும், பாராளுமன்றத்தில் எண்ணிக்கை குறைந்தவர்கள் தலையிலேயே முதலில் விழும். பெரும்பான்மை பலமுடையவனுக்கு ஒரு வாசல் அடைபட்டால் வேறு வாசல் உண்டு. நமக்குச் சட்டம் ஒன்றே வேலி. ஆகவேதான், ஜனாதிபதிக்குச் சட்டம் எடுத்துரைப்பவர் யார், அவர் யாருக்குக் கடமைப்பட்டவர் என்ற கேள்வி நமக்கு மிக முக்கியமானது என்கிறேன்.

பதவியின் வரலாறு

இப்பதவி நேற்று முளைத்ததன்று. ஆங்கிலேயர் காலத்தில் முடியின் சட்டத்தரணி எனப் பெயர்பெற்றிருந்தவரே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சட்டமா அதிபர் ஆனார். அன்று அவர் முடியின் ஊழியர். அவர் கடமை தேசாதிபதிக்கு. 1931ஆம் ஆண்டின் டொனமூர்த் திட்டத்தில் அரசாங்கத்துக்குச் சட்ட ஆலோசனை கூறும் பொறுப்பு சட்டச் செயலாளர் என்ற வேறோர் உயர் உத்தியோகத்தரிடம் கொடுக்கப்பட்டது. சோல்பரித் திட்டத்தோடு அப்பதவி மறைந்தது. 1972இல் முடியாட்சி நீங்கியது. 1978இல் நிறைவேற்று அதிகாரமுடைய ஜனாதிபதி வந்தார். தேசாதிபதிக்கு உரைத்த வாய், மகாதேசாதிபதிக்கும் பிரதமருக்கும் உரைத்து, ஈற்றில் ஜனாதிபதிக்கு உரைக்கும் வாயாயிற்று. ஆட்சியின் உருவம் பலமுறை மாறியும், "அரசு கேட்பதற்கு விடை சொல்; அரசுக்காக வாதாடு" என்ற பழைய முடியூழியத்தின் சாயல் மாத்திரம் மாறவில்லை.

இன்னொன்றையும் இங்கே மனந்திறந்து கூறவேண்டும். இப்பதவியும் இதன் திணைக்களமும் தமிழர் எட்டாத இடங்கள் அல்ல. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1892 முதல் 1906 வரை சொலிசிட்டர் ஜெனரலாக விளங்கினார். சிவா பசுபதி 1975 முதல் 1988 வரை சட்டமா அதிபராயிருந்தார். கே. சி. கமலசபேசன் 1999 முதல் 2007 வரை இருந்தார். சஞ்சய் இராஜரத்தினம் 2021 முதல் 2024 வரை இருந்தார். ஆகவே, "நம்மவர் ஒருவர் அங்கே அமர்ந்தால் எல்லாம் சரியாகும்" என்று யாரேனும் சொன்னால், வரலாறு அதனை ஒப்பவில்லை. கதிரையில் அமர்பவரின் இனத்தை ஆராய்வதிலும், அந்தக் கதிரை எவ்வாறு செய்யப்பட்டிருக்கிறது என்று ஆராய்வதே பயன்தரும்.

ஒருவர் தோளில் நான்கு சுமைகள்

சட்டமா அதிபர் சுமக்கும் சுமைகள் நான்கு. முதலாவது, அரசாங்கத்துக்கும் அதன் திணைக்களங்களுக்கும் சட்ட ஆலோசனை கூறுதல். இரண்டாவது, பாராளுமன்றத்துக்கு வரும் ஒவ்வொரு சட்டமூலத்தையும் ஆராய்தல். மூன்றாவது, அரசுக்கு எதிரான வழக்குகளில் அரசின் சார்பில் நிற்றல். நான்காவது, கொலை முதலிய பாரிய குற்றங்களில் குற்றப்பத்திரம் தாக்கல் செய்து வழக்கு நடத்துதல்.

இவற்றுள் இரண்டாவது சுமையைச் சற்று விரித்துரைக்க விரும்புகிறேன். பொதுமக்கள் மிகக் குறைவாக அறிந்ததும், விளைவு மிகப் பெரிதானதும் அதுவே. அரசியலமைப்பின் 77ஆம் உறுப்புரை ஒரு கட்டளையை இடுகிறது. ஒவ்வொரு சட்டமூலத்தையும் சட்டமா அதிபர் ஆராய வேண்டும். அதில் விசேட பெரும்பான்மையின்றி நிறைவேற்றக்கூடாத ஏற்பாடு உண்டெனக் கண்டால், அக்கருத்தை ஜனாதிபதிக்கு அறிவிக்க வேண்டும். ஆம், ஜனாதிபதிக்கே நேராக அறிவிக்க வேண்டும். "தாங்கள் விரும்பும் இச்சட்டம் சாதாரண பெரும்பான்மையால் ஆகாது, மூன்றிலிரண்டு வேண்டும்" என்றோ, "மக்கள் தீர்ப்பும் வேண்டும்" என்றோ முகத்துக்கு நேரே சொல்லும் கடமை அது.

இக்கடமை தவறினால் என்ன நேரும்? இந்தியாவில் ஒரு சட்டம் நிறைவேறி இருபதாண்டு கழிந்த பின்னும், அது அரசியலமைப்புக்கு முரணானது என்று நீதிமன்றம் தள்ளிவிடலாம். இலங்கையிலும் 1972க்கு முன் அவ்வாறே இருந்தது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் கீழ் அவ்வாறில்லை. சட்டமூலம் பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் ஏறியதும், குறித்த சில நாட்களுக்குள் குடிமகன் ஒருவர் உயர் நீதிமன்றத்தை நாடவேண்டும். அந்நாட்கள் கழிந்து, சட்டம் நிறைவேறி, சபாநாயகர் தமது சான்றை எழுதிவிட்டாரானால், எந்த நீதிமன்றமும் அதன் செல்லுபடியைக் கேள்விக்குள்ளாக்க முடியாது என்று 80ஆம் உறுப்புரை வாயை அடைத்துவிடுகிறது.

கமக்காரர்களே, இதை உங்கள் மொழியில் சொல்கிறேன். விதை நெல்லில் பதர் கலந்திருந்தால், விதைக்கும் முன்பே புடைத்துவிட வேண்டும். விதைத்துத் தண்ணீரும் கட்டிய பின் பதரைப் பொறுக்க இயலாது. சட்டமா அதிபரே அந்தச் சுளகைப் பிடித்திருப்பவர். அவர் கை சோர்ந்தால், அல்லது "இது ஐயா விரும்பும் நெல்" என்று கண்ணை மூடிக்கொண்டால், பதர் முளையாமற் போன வெற்று வயலைத் தலைமுறை தலைமுறையாக நாம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கோடீஸ்வரன் வழக்கு

மூன்றாவது சுமை அரசுக்காக நிற்றல். இதற்கு நம் மனத்தில் ஆழப் பதிந்த சான்று கோடீஸ்வரன் வழக்கு. 1956ஆம் ஆண்டின் அரச கரும மொழிச் சட்டத்தின் பின், 1961இல் திறைசேரி ஒரு சுற்றுநிருபம் விடுத்தது. அரசாங்க உத்தியோகத்தர் சிங்களத்தில் தேர்ச்சி பெறாவிடின் சம்பள ஏற்றம் இல்லை என்றது அது. கேகாலைக் கச்சேரியில் எழுதுவினைஞராயிருந்த கோடீஸ்வரன் சோதனைக்குத் தோற்ற மறுத்தார். அவர் சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். எதிராளி யார்? சட்டமா அதிபர்.

சோல்பரித் திட்டத்தின் 29ஆம் பிரிவு, ஒரு சமூகத்தவருக்கு மாத்திரம் தகுதியீனம் விதிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் ஆக்கலாகாது என்றது. ஆகவே நீதிமன்றத்தின் முன் இருந்த உண்மையான கேள்வி, மொழிச் சட்டம் செல்லுமா என்பதே. ஆனால் அரசின் சார்பில் முன்வைக்கப்பட்ட தடை வேறு. முடியின் ஊழியர் ஒருவர் தம் சம்பளத்துக்காக முடியின் மேல் வழக்கிட முடியாது என்பதே அது. மாவட்ட நீதிமன்றம் 1964இல் அத்தடையையும் தள்ளி, மொழிச் சட்டமே செல்லாது என்று கோடீஸ்வரனுக்குச் சார்பாகத் தீர்த்தது. சட்டமா அதிபர் மேன்முறையீடு செய்தார். 1967இல் உயர் நீதிமன்றம், சம்பளத்துக்கு வழக்கிடும் உரிமை இல்லை என்ற ஒரே காரணத்தால் தீர்ப்பை மாற்றியது. 1969 டிசெம்பரில் இலண்டன் பிரிவிக் கவுன்சில் அதனைத் தள்ளி, உத்தியோகத்தருக்கு வழக்கிடும் உரிமை உண்டு என்று கூறி, மொழிச் சட்டம் பற்றிய கேள்வியை விசாரிக்குமாறு வழக்கைத் திருப்பி அனுப்பியது. அக்கேள்விக்கு விடை கிடைக்குமுன் 1972இன் புதிய அரசியலமைப்பு வந்து 29ஆம் பிரிவையே அகற்றிவிட்டது.

அரசின் வழக்கறிஞர் சட்டத்தில் உள்ள வாதத்தை எடுத்துச் சொன்னார். அதிற் குற்றம் என்ன என்று கேட்பீர்கள். தனியார் வழக்கில் அதிற் குற்றமில்லை. ஆனால் ஒரு சமூகத்தின் உரிமை பற்றிய கேள்வியைச் சந்திக்காமலே வழக்கை வெல்ல வழி தேடுவது, அரசின் தலைமைச் சட்ட ஆலோசகருக்கு அழகாகுமா? "எனது அரசு வெல்ல வேண்டும்" என்பதும், "எனது நாட்டில் நீதி விளங்க வேண்டும்" என்பதும் எப்போதும் ஒன்றல்ல. இரண்டும் பிரியும் இடத்தில் அவர் எப்பக்கம் நிற்கிறார் என்பதே இப்பதவியின் உரைகல்.

குறுக்குவழியின் கூலி

இதுவரை சொன்னது நமக்கு எதிரான காரியம். இனி நமக்குச் சாதகமாகச் செய்யப்பட்ட ஒரு காரியத்தைச் சொல்கிறேன். அதனையே இன்றைய உரையின் நடுநாயகமாகக் கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

1987 யூலை 29இல் இந்திய–இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. வடக்கும் கிழக்கும் தற்காலிகமாக ஒரே மாகாணமாக இணைவதற்கு அது வழி கூறியது. அதனையொட்டி எழுந்த மாகாண சபைகள் சட்டம் ஜனாதிபதிக்கு இணைப்பு அதிகாரத்தைக் கொடுத்தது. ஆனால் ஒரு நிபந்தனையும் வைத்தது. ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட்டு, போர்ச் செயல்கள் நின்றுவிட்டன என்று ஜனாதிபதி திருப்தியடைந்த பின்னரே இணைப்புப் பிரகடனம் செய்யலாம் என்பது அந்நிபந்தனை. 1988 செப்டெம்பரில் நிலைமை அவ்வாறில்லை என்பதை யாவரும் அறிவர். நேரிய வழி யாது? பாராளுமன்றத்துக்குச் சென்று அந்நிபந்தனையைத் திருத்துவது. அன்றைய அரசாங்கத்துக்கு அங்கே ஆறில் ஐந்து பங்கு பலம் இருந்தது. அவ்வாறிருந்தும், அவசரகாலப் பிரமாணம் ஒன்றினால் அந்நிபந்தனையை வளைத்து, இணைப்புப் பிரகடனம் செய்யப்பட்டது.

நாம் மகிழ்ந்தோம். அவ்வேளை எழுந்து, "ஐயா, இது சட்டத்தில் நில்லாது, பாராளுமன்றத்தின் ஊடாகச் செய்யுங்கள்" என்று யாரேனும் சொல்லியிருந்தால், அவரைத் தமிழர் பகைவர் என்றே நாம் ஏசியிருப்போம். ஆனால் பதினெட்டு ஆண்டுகளின் பின், 2006 ஒக்டோபர் 16இல், உயர் நீதிமன்றம் அவ்விணைப்புத் தொடக்கத்திலிருந்தே வலிதற்றது என்று தீர்த்தது. அவசரகால அதிகாரத்தை அக்காரியத்துக்குப் பயன்படுத்த முடியாது என்பது அதன் காரணம். 2007 சனவரியில் வடக்கும் கிழக்கும் வெவ்வேறு நிருவாகங்களாயின.

அத்தீர்ப்பைப் பற்றி அரசியற் கருத்துகள் பல உண்டு. எனக்கும் உண்டு. ஆயினும், அத்தீர்ப்புக்குக் கதவைத் திறந்து வைத்தது 1988இன் குறுக்குவழியே என்பதை மறைக்க முடியாது. ஆலோசனை கூறியவர் யாராயினும், அல்லது கூறாது இருந்தவர் யாராயினும், கடுக்கண்டத்தில் நாட்டிய மரம் காற்றுக்கு விழுந்தது. விழுந்தபோது நசுங்கியவர் ஜனாதிபதி அல்லர், ஆலோசகரும் அல்லர். நிழலுக்கு ஒதுங்கியிருந்த நாமே.

ஆகையால், ஜனாதிபதி நமக்கு எதிராக நடக்கும்போது மாத்திரம் நேர்மையான சட்ட ஆலோசகரை நாம் வேண்டுவது போதாது. அவர் நமக்கு நன்மை செய்ய முற்படும்போதும் வேண்டும். ஏனெனில், சட்டத்தில் வேர்விடாத நன்மை நமக்கு நிலையாது.

2018 தந்த பாடம்

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2018 ஒக்டோபர் 26இல் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவை நீக்கி, மகிந்த ராஜபக்சவைப் பிரதமராக்கினார். பாராளுமன்றத்தில் பெரும்பான்மை கிட்டாதென்று தெரிந்ததும், நொவெம்பர் 9ஆந் திகதி இரவு வர்த்தமானி மூலம் பாராளுமன்றத்தைக் கலைத்தார். 2015இல் நிறைவேறிய 19ஆந் திருத்தமோ, பாராளுமன்றம் முதன்முறை கூடிய நாளிலிருந்து நாலரை ஆண்டு கழியுமுன், உறுப்பினருள் மூன்றிலிரண்டு பங்கினர் தீர்மானத்தாற் கேட்டாலன்றி, கலைத்தலாகாது என்று தெளிவாகக் கூறியிருந்தது.

காலஞ்சென்ற இரா. சம்பந்தன் அவர்களும் ஏனைய கட்சியினரும் உயர் நீதிமன்றத்தை நாடினர். எதிராளியாகப் பெயர் குறிக்கப்பட்டவர் ஜனாதிபதி அல்லர், சட்டமா அதிபர். இது எவ்வாறு? ஜனாதிபதி பதவியிலிருக்கும்போது அவர் மேல் வழக்கில்லை என்பது 1978இன் விதி. 19ஆந் திருத்தமே அதில் ஒரு சாளரத்தைத் திறந்தது. ஜனாதிபதி பதவி முறையில் செய்த காரியத்தால் அடிப்படை உரிமை மீறப்பட்டால், சட்டமா அதிபரை எதிராளியாக்கி வழக்கிடலாம் என்றது அது. ஆகவே, ஜனாதிபதிக்குச் சட்டம் சொல்ல வேண்டியவரே ஜனாதிபதியின் இடத்தில் நின்று விடைசொல்ல வேண்டியவரும் ஆனார். ஆலோசகருக்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை வேண்டுமோ? "நீ கூறும் ஆலோசனைக்கு நாளை நீயே மன்றில் நின்று விடைகூற வேண்டும்" என்பதன்றோ அதன் பொருள்!

மன்றில் சட்டமா அதிபர், பாராளுமன்றத்தைக் கலைக்கும் அதிகாரம் ஜனாதிபதிக்கு வேறோர் உறுப்புரையால் தனியாகக் கொடுக்கப்பட்டுள்ளது என்று வாதாடினார். டிசெம்பர் 13ஆந் திகதி, ஏழு நீதியரசர் கொண்ட ஆயம் ஒருமனதாக அவ்வாதத்தைத் தள்ளி, கலைப்பு அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்த்தது. ஏழு பேருள் ஒருவருக்கேனும் ஒப்பாத சட்டப் பொருளை நாட்டின் தலைமைச் சட்ட ஆலோசகர் மன்றேறிச் சொல்ல நேர்ந்ததே, அதுவே நாம் சிந்திக்க வேண்டியது. அக்கலைப்பு வர்த்தமானிக்குப் போகுமுன், "முடியாது" என்ற சொல் வலிமையோடு ஒலித்திருந்தால், ஏழு கிழமை நாடு தத்தளித்திருக்க வேண்டியதில்லை.

இந்தச் சாளரத்தின் கதையையும் கேளுங்கள். 2020 ஒக்டோபரில் 20ஆந் திருத்தம் அதனை அடைத்தது. 2022 ஒக்டோபரில் 21ஆந் திருத்தம் மீண்டும் திறந்தது. அரசியற் காற்று வீசும் பக்கமெல்லாம் திறந்து மூடும் சாளரம் நமக்கு எவ்வளவு காவல் என்பதை நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

பிற நாடுகளிற் கண்டவை

இவ்விக்கட்டு இலங்கைக்கு மாத்திரம் உரியதன்று. அமெரிக்காவில் ஜனாதிபதி நிக்சன், தம்மைச் சூழ்ந்த வாட்டர்கேற் ஊழலை விசாரித்த விசேட வழக்குத் தொடுநரை நீக்குமாறு 1973 ஒக்டோபர் 20இல் தமது சட்டமா அதிபர் எலியட் றிச்சட்சனுக்குக் கட்டளையிட்டார். றிச்சட்சன் நீக்க மறுத்துப் பதவியைத் துறந்தார். அவருக்கு அடுத்தவரும் மறுத்து வெளியேறினார். மூன்றாம் நிலையிலிருந்தவரே கட்டளையை நிறைவேற்றினார். ஆயினும், அவ்விருவரின் மறுப்பு நாட்டை விழிக்கச் செய்தது. 1974 ஓகஸ்டில் நிக்சனே பதவி துறக்க நேர்ந்தது.

இதற்கு மறுபக்கம் இந்தியாவில் உண்டு. 1975இல் பிரகடனமான அவசர நிலையின்போது, விசாரணையின்றி அடைக்கப்பட்டோரின் ஆட்கொணர்வு மனுக்கள் டெல்லி உச்ச நீதிமன்றத்துக்கு வந்தன. அரசின் சார்பில் நின்றவர் சட்டமா அதிபர் நிரேன் டே. பொலிஸ்காரன் ஒருவன் சொந்தப் பகை காரணமாக ஒருவரைக் கொன்றாலும் பரிகாரம் இல்லையா என்று நீதியரசர் எச். ஆர். கன்னா கேட்டார். அவசர நிலை நீடிக்கும்வரை பரிகாரம் இல்லை என்ற விடையே வந்தது. 1976இல் ஐவருள் நால்வர் அரசின் பக்கம் தீர்த்தனர்; கன்னா ஒருவரே மாறுபட்டார். அத்தீர்ப்புத் தவறானது என்று அதே நீதிமன்றம் 2017இல் கூறியது. நாற்பது ஆண்டுகளின் பின் வந்த அத்திருத்தம், அன்று சிறையில் வாடியவருக்கு என்ன பயன் தந்தது?

தவறு கண்டவிடத்து அதட்டிச் சொல்லும் துணை இல்லாத அரசன், தன்னைக் கெடுக்கும் பகைவன் இல்லாவிடினும் தானே கெடுவான் என்ற கருத்தை வள்ளுவர் அன்றே உரைத்துவைத்தார். அரசன் மாத்திரமா கெடுகிறான்? அவன் குடியும் உடன் கெடுகிறது.

ஆலோசகரும் வழக்குத் தொடுநரும்

நான்காவது சுமைக்கு வருகிறேன். அரசுக்கு ஆலோசனை கூறி, அரசுக்காக வாதாடும் அதே திணைக்களமே, அரசின் படையினரும் பொலிசாரும் குற்றஞ்செய்தால் அவர்கள் மேல் வழக்கு நடத்தவும் வேண்டியிருந்தது. காணாமற்போன மகனைத் தேடித் தாய் ஒருத்தி ஆட்கொணர்வு மனுவோடு மன்றுக்கு வந்தால், படையின் பக்கம் நிற்பவர் அரச சட்டத்தரணி. அந்த மகனைக் கொண்டுசென்றவன் மேல் குற்றப்பத்திரம் எழுத வேண்டியவரும் அதே திணைக்களத்தவர். ஒரு கையால் கேடயம் பிடித்து, மறு கையால் அக்கேடயத்தின் மேலேயே வாள் வீசு என்றால், எந்த வீரனால் இயலும்?

நீதிக்காகச் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடமாட்டேன். கிருசாந்தி குமாரசாமி கொலை வழக்கில் 1998இல் கொழும்பு மேல் நீதிமன்றத்தில் படையினரைக் குற்றவாளிகளாக நிறுத்தித் தண்டனை பெற்றது இதே திணைக்களந்தான். மனமும் சூழ்நிலையும் இடங்கொடுத்தால் இயலும் என்பதற்கு அது சான்று. ஆனால் 2006 சனவரி 2இல் திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர் கொல்லப்பட்ட வழக்கு என்னவாயிற்று? பதின்மூன்று ஆண்டு இழுபட்டு, 2019 யூலையில், சான்று போதாதென்று எதிரிகள் 13 பேரும் விடுவிக்கப்பட்டனர். சாட்சிகள் நாட்டைவிட்டு ஓடும்வரை வழக்கு நீண்டால் சான்று எங்கிருந்து வரும்?

காணி விவகாரமும் இதற்குப் புறம்பானதன்று. 2013இல் வலிகாமம் வடக்கில் படையினரின் தேவைக்கென 6,381 ஏக்கர் நிலத்தைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டப்பட்டபோது, காணிக்காரர் பெருந்தொகையாக மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினர். செம்பாட்டு மண்ணில் பரம்பரை பரம்பரையாகப் புகையிலையும் வெங்காயமும் வைத்தவர்கள் ஒரு பக்கம், அரசு மறுபக்கம். அவ்வாறான வழக்கில் அரசுக்காக எழுந்து நிற்பது யார் என்பதை இனி நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வெங்காயப் பாத்திக்கும் சட்டமா அதிபருக்கும் உள்ள தொடர்பு இதுவே.

பதவி யார் கையில்?

"முடியாது" என்று சொல்லத் துணிவு வேண்டும். துணிவுக்கு நிலையான இருக்கை வேண்டும். 2001இல் வந்த 17ஆந் திருத்தம், ஜனாதிபதி தாம் விரும்பியவரைத் தனித்து நியமிக்கும் நிலையை மாற்றி, அரசியலமைப்புப் பேரவையின் ஒப்புதலை வேண்டியது. 2010இன் 18ஆந் திருத்தம் அதனைத் தளர்த்தியது. 2015இல் மீண்டும் இறுகியது. 2020இல் மீண்டும் தளர்ந்தது. 2022இல் மறுபடியும் இறுகியது. நீக்குவதற்கு மாத்திரம் 2002ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் ஒரு காவலை வைத்தது. பாராளுமன்ற விசாரணையும் தீர்மானமுமின்றி நீக்கலாகாது என்பது அது. 2024இல் அன்றைய ஜனாதிபதி, ஓய்வுபெறும் சட்டமா அதிபரின் சேவையை நீடிக்கப் பரிந்துரைத்தபோது, பேரவை அதற்கு உடன்பட மறுத்தது. தயவால் நீளும் பதவி துணிவைக் கரைக்கும் என்பதால் அம்மறுப்பை நான் வரவேற்கிறேன்.

நீக்கப்படும் அச்சம் ஒன்று. உயர்த்தப்படும் ஆசை மற்றொன்று. சரத் என். சில்வா 1999இல் சட்டமா அதிபர் பதவியிலிருந்து பிரதம நீதியரசரானார். மொகான் பீரிஸ் அப்பதவியை வகித்து ஓய்ந்த பின் 2013இல் பிரதம நீதியரசரானார். ஜயந்த ஜயசூரிய 2019இல் ஆனார். இவர்களுள் எவருடைய நேர்மையையும் எடைபோட நான் வரவில்லை. ஆனால் ஒரு கமக்காரர் கேட்கக்கூடிய கேள்வியையே கேட்கிறேன். இன்று அரசுக்கு அறிவுரை கூறும் ஒருவர், நாளை அரசின் கையால் நாட்டின் முதல் நீதியரசர் ஆகலாம் என்று இருக்கும்போது, அவர் சொல்லும் "ஆம்" எல்லாம் ஐயத்துக்கு இடமாகாதா? அந்த ஐயம் நல்லவரையும் சுடும்.

நாம் கேட்க வேண்டியவை

நண்பர்களே, நோயைச் சொன்னவன் மருந்தையும் சொல்ல வேண்டும்.

முதலாவதாக, குற்ற வழக்கு நடத்தும் பொறுப்பு அரசின் ஆலோசகரிடமிருந்து பிரிக்கப்பட்டு, சுதந்திரமான ஒரு வழக்குத் தொடுநரிடம் கொடுக்கப்பட வேண்டும். இது கேளாத புதுமையன்று. 1973ஆம் ஆண்டின் நீதி நிருவாகச் சட்டத்தின் கீழ் அத்தகைய தனி அலுவலகம் ஒன்று ஏற்படுத்தப்பட்டு, 1977இல் ஆட்சி மாறிய பின் கைவிடப்பட்டது. பழைய குறைகளைக் களைந்து, அரசியற் கை படாதபடி அதனை ஆக்க வேண்டும். படையினரையும் பொலிசாரையும் பற்றிய வழக்குகளிலேனும் இது இன்றியமையாதது.

இரண்டாவதாக, 77ஆம் உறுப்புரையின் கீழ் சட்டமூலம் பற்றிக் கூறும் கருத்துப் பொதுமக்கள் காண வெளியிடப்பட வேண்டும். ஜனாதிபதியின் காதில் மாத்திரம் ஓதப்படும் ஆலோசனை மக்களுக்கு உதவாது. சொன்னதை ஊரறியச் செய்தால், சொல்பவரும் அளந்து சொல்வார். கேட்பவரும் அஞ்சிக் கேட்பார்.

மூன்றாவதாக, நிறைவேறிய சட்டத்தையும் நீதிமன்றம் ஆராயும் உரிமை மீட்கப்பட வேண்டும். அப்போது சுளகு ஒருவர் கையில் சோர்ந்தாலும், நெல்லைப் புடைக்க வேறு கையிருக்கும்.

நான்காவதாக, சட்டமா அதிபராயிருந்தவர் நேராக நீதியரசர் ஆசனத்துக்கு ஏறாதபடி, சில ஆண்டு இடைவெளியேனும் விதிக்கப்பட வேண்டும்.

இவையெல்லாம் அரசு செய்ய வேண்டியவை. நாம் செய்ய வேண்டியதும் ஒன்றுண்டு. இங்கேயிருக்கும் சட்டத்தரணிகளே, ஆசிரியர்களே, உத்தியோகத்தர்களே, வர்த்தமானியில் சட்டமூலங்கள் வெளிவரும் நாளில் அவற்றைப் படியுங்கள். கெடு சில நாட்களே. இந்த வாசிகசாலையில் பத்திரிகை வாசிக்கும் மேசைக்கு அருகே, அவற்றின் சுருக்கத்தை நல்ல தமிழில் எழுதி ஒட்டுங்கள். காணி, நீர், மொழி, உள்ளூராட்சி ஆகியவற்றைத் தொடும் வரிகளை அடிக்கோடிட்டுக் காட்டுங்கள். கமக்காரப் பெருமக்களே, அதனை வாசித்து, விளங்காததைக் கேளுங்கள். கேட்பவர் இருந்தால் படிப்பவர் சோம்பியிருக்க மாட்டார்.

வேலி அடைக்கும் வேலையை ஆண்டுதோறும் செய்பவர்கள் நீங்கள். கிடுகு உக்கிய இடமும் கதியால் பட்ட இடமும் உங்கள் கண்ணுக்குத் தப்புவதில்லை. மாடு உள்ளே வந்த பின் வேலி அடைப்பவனை ஊரார் என்ன சொல்வர் என்பதும் உங்களுக்குத் தெரியும். சட்டம் என்ற வேலியிலும் அதே கண்ணை வையுங்கள். அந்த வேலிக்குக் காவலாக நியமிக்கப்பட்டவர் யாராயினும், எவ்வினத்தவராயினும், அவர் தம்மை நியமித்தவருக்கு முன்பாக அந்த வேலிக்கே கடமைப்பட்டவர். அதனை அவருக்கு நினைவூட்டுவது நம் உரிமை. நினைவூட்டாமல் இருப்பது நம் குற்றம்.